மழை சொல்லும் பெட்டி

ஐப்பசி இடியில் எங்கள் வீட்டு கேட்வே கருகிவிட்டது. மொட்டைமாடியில் மழையை அளக்கும் கருவியிலிருந்து தகவலை வாங்கி என் செல்போனுக்கு அனுப்பும் சிறிய பெட்டி அது. குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் காயப்போட்டுவிட்டு நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போகிறவன் நான். மழை என்று செல்போன் சொன்னதும், ஷீட்டை எடுக்கச் சொல்லி பக்கத்து வீட்டு அக்காவைக் போனில் கூப்பிடுவேன். "சரி மக்களே, எடுக்கேன்" என்பார்.

புதுப் பெட்டி வர நாளானது. வந்ததும் வைஃபையோடு சேராமல் ஒரு ஞாயிறு முழுக்க உயிரை வாங்கியது. ஒருவழியாகச் சேர்ந்த பிறகுதான், இடையில் பெய்த மழையில் ஒரு ஷீட்கூட நனையவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அக்காவிடமே கேட்டேன். "பெட்டி செத்துக் கிடந்தப்போ யாரு சொல்லி எடுத்தீங்க?"

"மலை கறுத்தா மழைதானே? எப்பவுமே நீ விளிக்கதுக்கு முன்னயே எடுத்திருவேன்."

"பின்னே ஏன் ஒருநாளும் சொல்லல்லே?"

"நீ ஆசையா வாங்கி வச்ச பெட்டியில்லா? நீ வெசனப்படுவியேன்னுதான்."

மறுநாள் செல்போன் மழை என்றதும், நன்றி சொல்லத்தான் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார்: "சரி மக்களே, எடுக்கேன்."