கப்பல் போனால் புதுக் கப்பல்

வெள்ளத்தில் மூழ்கிய என் காரைப் பார்க்க, ஜுருவில் இருக்கும் பட்டறைக்குக் காப்புறுதி அதிகாரி வந்தார். கசங்காத சட்டை. பேசுமுன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“வெள்ளத்துக்குத் தனியா காப்புறுதி எடுக்கலியேண்ணே. இழப்பீடு கிடைக்காதுலா.”

அப்போது அவருடைய கைப்பேசி ஒலித்தது. “கப்பல் வெடிச்சிருச்சா? கவலைப்படாதீங்க, புதுசு தரேன்.”

நான் திருதிருவென விழித்தேன். இணையத்தில் விண்வெளிப் போர் விளையாட்டாம். சண்டையில் கப்பலை இழந்த தன் அணியினருக்கு ஈடு கொடுப்பது இவர் பொறுப்பாம்.

“அங்க மட்டும் உடனே கொடுக்குறீங்க?”

கண்ணாடியைத் துடைத்தார். “எங்கள நம்பித்தானே சண்டைக்குப் போறாங்க. கொடுக்கலன்னா அடுத்த தடவை யாருண்ணே வருவா?”

கிளம்பும்போது, “நீங்களும் சேருங்கண்ணே. கப்பல் போனா நான் இருக்கேன்” என்றார்.

காரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு நடந்து போகவேண்டிய நான், எதை நம்பித் தலையாட்டினேன் என்று இன்றும் விளங்கவில்லை.