அக்காவின் அறையைப் பெரிதாக்கிய லென்ஸ்

கலியாண வீடு, சடங்கு வீடு, சாவு வீடு என்று பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் படம் எடுத்துப் பிழைப்பவன் நான். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்தின் சின்ன அறைக்குள் படம் எடுப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று என்னைக் கேட்டால் சொல்வேன். முதுகு சுவரில் ஒட்டிய பிறகும் மாப்பிள்ளையின் தோளோடு படம் முடிந்துவிடும். அதனால்தான் அகலமாக எடுக்கும் லென்ஸ் ஒன்று வாங்கப் பண்டாரவளைக்குப் போனேன்.

கடைக்கார நானா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக எடுக்கும். மற்றது கைக்குள் அடங்கும் சின்ன ஸூம்.

"பெருசுதான் நல்ல சாமான் தம்பி. ஆனா அதைத் தூக்கிக்கிட்டு மலை ஏறப்போறது நீங்க" என்றார்.

சின்னதை என் மிரர்லெஸ் கமராவில் மாட்டி, கடை மூலையில் நின்று பார்த்தேன். நாலு சுவரில் மூன்று உள்ளே வந்துவிட்டன. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அதையே வாங்கினேன்.

அந்த வாரமே ஹல்துமுல்லையிலிருந்து அக்கா போன் செய்தாள். மழையில் அவர்கள் லயத்தின் பின்சுவர் வெடித்துவிட்டது. வேறு இடத்தில் வீடு கேட்டு அரசாங்க அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், கூடவே படமும் வைக்க வேண்டும். போய்ப் பார்த்தேன். விரல் உள்ளே போகும் அளவுக்கு வெடிப்பு. பழைய லென்ஸ் பையில்தான் இருந்தது. அதை மாட்டி, கிட்டப் போய் வெடிப்பை மட்டும் எடுத்திருக்கலாம். புதுசு வாங்கியவனுக்கு அது தோன்றுமா? வாசல் மூலையில் குந்தி, முழு அறையையும் ஒரே படத்தில் அடக்கினேன்.

அக்கா பார்த்துவிட்டு வாயைப் பிளந்தாள். "அட, நம்ம காம்பிராவா இது? தொரை பங்களா மாதிரியில்ல இருக்கு!"

மச்சானும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். மூவரும் சந்தோஷமாகத் தேத்தண்ணி குடித்தோம்.

படத்தை அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கிருந்த யாழ்ப்பாணத்து ஐயா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அறை நல்ல விசாலமாத்தானே கிடக்கு. வெடிப்பும் சின்னன். இதைவிட மோசமான இடங்களிலை சனம் இருக்குது. அதுகளைப் பாத்திட்டு உங்கடையைப் பாப்பம்."

எட்ட இருப்பதை இந்த லென்ஸ் இன்னும் சிறிதாக்கிக் காட்டும், அறையை இழுத்துப் பெரிதாக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கமாக இருந்தது. வேறு படம் எடுத்து வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்தடுத்துக் கலியாணங்கள் வேறு இருந்தன. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று கிழமை கழித்து அந்தச் சுவர் விழுந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சான் அதன் அடியில் சிக்கி இறந்துபோனார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றதால் அக்கா பிழைத்தாள்.

இப்போது அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறாள். துக்கம் கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் போனில் அந்தப் படத்தைக் காட்டுகிறாள்.

"எந்தம்பி எவ்வளவு தெளிவா எடுத்துக் குடுத்தான் பாருங்க. அந்த ஐயாதாங்க கண்ணத் தொறந்து பாக்கல."

வந்தவர்கள் அந்த ஐயாவைத் திட்டுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து திட்டுகிறேன்.