செருப்போடு உள்ளே வரச் சொன்னவன்

ஆயுத பூஜையன்று காலை விழுப்புரத்தில் என் ஸ்டுடியோ கேமராவுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தபோது திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. தனசேகரின் மைத்துனன் பேசினான். “அண்ணே, மாமாவுக்கு ஷாக் அடிச்சிடுச்சிண்ணே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்தோம். உயிர் இல்லன்னுட்டாங்க.” எதைத் தொட்டான் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் கல்யாண வீடியோ எடுக்கிற நம் எல்லோருக்கும் அவனைத் தெரியும். நாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டுவதைக் கல்யாணமாக்கித் தந்த எடிட்டர் அவன். தாலி கட்டும் நேரத்தில் எவனாவது குறுக்கே தலையை நீட்டியிருந்தால், “முகூர்த்தத்த நீ உட்டாலும் நான் உட மாட்டேன்யா” என்பான். சொன்னபடியே வேறொரு கேமராவின் காட்சியைத் தேடி ஒட்டிவிடுவான்.

அவனுடைய பழைய கம்ப்யூட்டர் ஃபோர்-கே வீடியோவைத் திறந்தாலே திணறும். புதிது வாங்கச் சொன்னோம். “இதுக்கு இன்னா கேடு? உள்ள இருக்கறத மாத்தினா போதும்” என்றான். ராம் கூட்டினான், எஸ்.எஸ்.டி. போட்டான், கடைசியில் பெரிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை மாட்டினான். அதன் பசிக்குப் பழைய பவர் சப்ளை போதவில்லை. யாரோ கழற்றிப் போட்ட பவர் சப்ளையை வாங்கி வைத்தான். அன்றிலிருந்து வேலை பறந்தது. கூடவே, பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது.

அவன் வாடகைக்கு இருந்த அறையில் எர்த் கம்பியே கிடையாது. பிளக் பாயின்ட்டில் மூன்றாவது ஓட்டை வெறும் அழகுக்குத்தான். அதைச் சரிசெய்யாமல் ஒரு சட்டம் போட்டான்: இங்கே யாரும் செருப்பைக் கழற்றக் கூடாது. வெறுங்காலோடு வருகிறவர்களுக்குக் கொடுக்க இரண்டு ஜோடி ரப்பர் செருப்பும் வாங்கி வைத்தான். நாமும் கிண்டலடித்துக்கொண்டே அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டோம்.

ஒருநாள் மணப்பெண்ணின் அம்மா ஒருவர், பழக்கதோஷத்தில் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து பெட்டியின் மேல் கையை ஊன்றினார். அலறி விழுந்தார். “இன்னாபா, உள்ள பேயி கீயி வெச்சிக்கினு இருக்கியா?” என்றார், கையை உதறியபடி. “வேலை செய்யிற மிஷினுக்குக் கொஞ்சம் கோவம் இருக்கத்தான் செய்யும்மா” என்று தண்ணீர் கொடுத்தான் தனசேகர். அந்த அம்மாளே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“யோவ், வெளையாடாத. ஜல்தியா எலக்ட்ரீசியனக் கூப்புடு” என்றேன்.

“ஆவணி கல்யாணமெல்லாம் கையில நிக்குது. இப்ப ஒயரப் பிரிச்சிப் போட்டா பேஜாராயிடும். முடிச்சிட்டுப் பாக்கலாம்யா.”

காரியத்தன்று அவன் மனைவி கோமதி மிச்சத்தைச் சொன்னார். கருவிகளை ஓய்வாக வைக்கிற நாளில் கூட, வெட்டி ஒட்டியதெல்லாம் ஒரே படமாகட்டும் என்று அவன் ஓர் ஆவணிக் கல்யாணத்தை ரெண்டர் போட்டிருக்கிறான். “நிறுத்திட்டு பொட்டு வைங்கன்னு சொன்னேண்ணே. ‘பாதியில நிறுத்தினா மொதல்லேர்ந்து போவும் கோமதி, இன்னும் கொஞ்சம்தான்’னாரு.” பூஜைக்காக அறையை அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம் எல்லாம் தயார். சாமி காரியத்தைச் செருப்போடு செய்வானா? வாசலில் கழற்றிவிட்டு வந்திருக்கிறான். ஈரத் தரையில் நின்று, சந்தனம் குழைத்த விரலால் அந்தப் பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறான்.

எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வருகிறது. போயும் போயும் பொட்டு வைக்கப் போய் ஒருவன் சாவானா?

பாதியில் நின்ற கல்யாணத்தை முடித்துக் கொடுக்கச் சொல்லி கோமதி ஹார்ட் டிஸ்க்கை என்னிடம் தந்தார். அதை என் கம்ப்யூட்டரில் மாட்டுவதற்கு முன் எலக்ட்ரீசியனை வரவழைத்தேன். அவர் டெஸ்டரை என் பெட்டியின் மேல் வைத்தார். டெஸ்டரில் விளக்கு எரிந்தது.

“எத்தினி வருஷமாண்ணே இதுங்கிட்ட ஒக்காந்துக்கினு இருக்கீங்க?” என்றார்.

தனசேகரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம் ஒன்றுதான். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளப் போகிறேன். நண்பர்களே, நீங்களும் இன்றே ஆளை வரவழைத்து உங்கள் பெட்டியைச் சோதித்துவிடுங்கள். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள்.