சனிக்கிழமைச் செருப்புகள்

போன சனிக்கிழமை, திருவானைக்காவல் போகிற வழியில் இருக்கும் சின்ன ஆஞ்சநேயர் கோயிலில் என் செருப்பு காணாமல் போனது. வெயிலில் தரை கொதித்தது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். வாசலில் இருந்த காவலாளித் தம்பி, "கவலப்படாதீங்கக்கா, கேமரா இருக்கு, ஒரு நிமிஷத்துல ஆளப் பாத்துடலாம்" என்று செல்போனை எடுத்தார். எனக்கு லேசாகக் கோபம் வந்தது. நான் குற்றவியலில் முதுகலை படித்தவள். இதே வாசலில், இதே குற்றத்தை, ஒரு கோடைக்காலம் முழுக்கத் துப்பறிந்தவள். அதை இவர் ஒரு நிமிஷம் என்கிறாரே.

நான் படிக்கும்போது எங்கள் ஸ்ரீரங்கத்துத் தெருவில் யாருக்கும் குற்றவியல் என்ற சொல்லே தெரியாது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். "படிச்சு முடிச்சா போலீஸா, திருடனா? ரெண்டும் நம்ம வீட்டுக்கு ஆகாது" என்பார். முதல் வருஷம் வரைக்கும் போ, அப்புறம் பேசாமல் பி.எட். சேர்ந்துவிடு என்பது அவருடைய தீர்ப்பு. அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். காய் நறுக்கிக்கொண்டிருப்பாள். ஒன்றும் சொல்லாதவர்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் செல்வராஜ் சார் வகுப்பில் சொல்லியிருந்தார். நான் அதைப் பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம் செய்துகொண்டேன்.

எனக்கு அந்தப் படிப்பு உயிராக இருந்தது. காலையில் கூட்டமான பஸ்ஸில் தொங்கிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டும்போதே பக்கத்தில் நிற்பவர் யார், எங்கே போகிறார், வீட்டில் சண்டையா என்றெல்லாம் ஊகிக்க ஆரம்பித்துவிடுவேன். மன்னார்புரத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடிப்பதற்குள் அரை பஸ்ஸைச் சிறையில் போட்டிருப்பேன்.

இன்றைக்கும் எங்காவது புதிதாகப் பூசிய சுவர் வாசனை வந்தால் எனக்கு முதல் பருவச் செய்முறைதான் ஞாபகம் வரும். காலடித் தடத்தில் பாரிஸ் சாந்து ஊற்றி அச்சு எடுக்க வேண்டும். தடத்துக்கு ஈர மணல் வேண்டும், அதற்குக் காவிரி இருக்கிறது. காலுக்கு அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். அப்பா வரமாட்டேன் என்றார். அம்மா அவரைப் பார்த்த ஒரு பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை படித்துறைக்குப் பக்கத்து மணலில் அம்மாவுக்கு அடுத்து அப்பாவை மிதிக்கச் சொல்லி, அந்தப் பள்ளத்தில் வெள்ளையாக நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே சடங்குகள் செய்துவைக்கும் பெரியவர் ஒருவர் வந்து, யாருக்கம்மா காரியம் என்று பரிவாக விசாரித்தார்.

"எனக்குத்தான் சாமி" என்றார் அப்பா.

அந்த அச்சுகளைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை. பாதமாயிற்றே. கூடத்து அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டாள். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் பெரியவர், அப்பாவுடைய பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எந்த மகானுடையது என்று கேட்டார். அப்பா விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. பிறகு பெண் என்ன படிக்கிறாள் என்ற பேச்சு வந்தது. அதையும் சொன்னோம். பஜ்ஜி பாதி தட்டில் இருக்கும்போதே எழுந்துவிட்டார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமையிலிருந்து அம்மா என்னை ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். முதல் வாரமே என் செருப்பு போயிற்று. அம்மா கொஞ்சமும் கலங்கவில்லை. "போகட்டும் விடு, பீடை ஒழிஞ்சுது" என்றாள். கோயிலில் செருப்பு தொலைந்தால் சனி விட்டது என்று சந்தோஷப்படுகிற ஊர் இது. சிலர் வேண்டுமென்றே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதும் உண்டு. அடுத்த வாரமும் என் செருப்புதான் போயிற்று. பக்கத்திலேயே புதுக்கருக்கு மாறாமல் கிடந்த அம்மாவின் செருப்பைத் திருடன் சீண்டவில்லை.

அந்தச் சமயம் ஆளுக்கொரு உள்ளூர்க் குற்றத்தை எடுத்து ஆய்வு செய்து வரச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் குற்றம் வீடு தேடி வந்திருந்தது. இதில் நல்ல மதிப்பெண் வாங்கினால் அப்பா மனம் மாறுவார் என்று ஒரு நப்பாசை. குற்றத்துக்கு நோக்கம் உண்டு, அதனால் லாபம் யாருக்கு என்று கேள் என்பார் செல்வராஜ் சார். நான் கோயில் வாசலில், செருப்புகளுக்கு எதிரிலேயே பழம் விற்ற தொட்டியத்துக்காரரைப் பிடித்துக்கொண்டேன். போன சனிக்கிழமை ஏழு மணிக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"இங்கதாம்மா இருந்தேன். நீங்கதான வந்து பூவம்பழம் கேட்டீங்க, கனியலன்னு திருப்பிக் குடுத்தீங்க."

அம்மா பக்கத்தில் நின்று, பாவம் அவரை விடு என்று என் கையை இழுத்தாள்.

அடுத்துப் பொறி வைத்தேன். செருப்பைச் சுற்றிக் கோலமாவை மெல்லிசாகத் தூவிவிட்டு உள்ளே போனேன். எடுக்க வருகிறவனின் கால் பதியாமல் போகாது. திரும்பி வந்து பார்த்தால், என் செருப்பை நட்டநடுவில் வைத்து, அதைச் சுற்றி லட்சணமாக ஒரு சிக்குக்கோலம். ஒரு மாமி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார். யாரோ மாவைக் கண்டபடி இறைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், சரிசெய்தேன் என்றார். கோலத்தை மிதிக்கக்கூடாது என்று அத்தனை பேரும் சுற்றிப் போயிருந்தார்கள். அந்த வாரம் செருப்பு பத்திரமாக இருந்தது. அம்மா முகம்தான் ஏனோ வாடிப்போயிருந்தது. அதையும் நான் கவனித்தேன், கவனித்து ஒன்றும் செய்யவில்லை.

மறுவாரம் ஒரு பையில் காவிரி மணல் கொண்டுபோனேன். ஈரமாகப் பரப்பி வைத்தேன். பாதிப் பிரகாரத்தில் அம்மா, "கற்பூரம் மறந்துட்டேன், நீ சுத்திட்டு இரு" என்று வெளியே போனாள். வாராவாரம் மறந்தாள் என்பது எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. வெளியே வந்தபோது செருப்பு இல்லை. மணலில் தடம் அச்சாக இருந்தது. கட்டைவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல், குதிகாலில் குறுக்கே ஒரு வெடிப்பு. எங்கேயோ பார்த்த கால் என்று யோசித்தேன். எங்கள் கூடத்து அலமாரியில்தான் பார்த்திருந்தேன்.

வழியெல்லாம் வெறுங்காலோடு நடந்து, நோக்கத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். அம்மாவுக்கு இந்தப் படிப்புதான் என்னைப் பிடித்த சனி, அது தொலைந்தால் கல்யாணம் நடக்கும், அதற்குத்தான் இந்த வேலை. வீட்டு வாசலில் அம்மாவை நிறுத்திக் கேட்டேன். படிப்பை நிறுத்த நீயுமா இப்படிச் செய்வாய் என்றேன். அம்மா காலில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நிறுத்தவா? உங்கப்பாதான் அடுத்த வருஷம் கெடயாதுங்கிறாரு. உனக்குச் சனி விட்டா அவரு மனசு எறங்கும்னு சொன்னாங்க. அதான் உன் செருப்பத் தூரமாக் கொண்டுபோய் விட்டுட்டு வந்தேன்."

ஆளைச் சரியாகப் பிடித்து நோக்கத்தைத் தலைகீழாகப் பிடித்த ஒரே மாணவி நான்தான் என்று நினைக்கிறேன். வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டு அப்பா வந்தார். முழுக்கதையையும் கேட்டார். அலமாரியிலிருந்து அம்மாவின் பாதத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்தார், பிறகு அம்மாவின் காலைப் பார்த்தார். அவர் அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை. மறுநாளே ஆபீஸில் எல்லோரிடமும் பெண் திருடனைப் பிடித்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறார். திருடன் யார் என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. அதன்பிறகு அவருடைய சகாக்கள் காணாமல்போன டிபன் கேரியருக்கும் குடைக்கும் என்னைத் தேடி வந்தார்கள். பி.எட். பேச்சு வீட்டில் எழவே இல்லை. சனி விட்டதால்தான் என்று அம்மா நம்பினாள்.

போன சனிக்கிழமை அந்தத் தம்பி செல்போனைக் காட்டினார். யாரோ ஒரு பெரியவர் அவசரத்தில் என் செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். போலீஸுக்குச் சொல்லட்டுமா என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். பழக்கடை இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள், வாசலில் சிமெண்ட் பூசிவிட்டார்கள், மணலைக் கொட்டினாலும் தடம் நிற்காது. வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. கூடத்து அலமாரியில் அவள் பாதம் மட்டும் இருக்கிறது. வழியெல்லாம் எனக்கு அந்தப் பெரியவர் மேல் வருத்தம்தான், தெரியாமல் எடுத்துப் போனாரே என்று. எனக்காக என் செருப்பைத் திருட இனிமேல் யாரும் இல்லை.