பாஸான ரத்தம்

பல்லடம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரின் டி-ஷர்ட் ஓரத்தைப் புரட்டிப் பார்க்காவிட்டால் ஆறுமுகசாமிக்கு இருப்புக் கொள்ளாது. தையல் சரியாக இருந்தால், "நல்ல பீஸுங்க" என்று முன்பின் தெரியாதவருக்குச் சான்று கொடுப்பார். பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்த பழக்கம் லேசில் விடுமா?

அந்தப் பழக்கமே அவரை ஒரு வம்பிலும் மாட்டிவிட்டது. ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஊசி போட்டுவந்தார். ஆண் ஹார்மோனை அடக்கியதும் கட்டி அடங்கிக் கிடந்தது. பிறகு ரத்தத்தில், நோய் கிளம்புவதைக் காட்டும் பி.எஸ்.ஏ. அளவு ஏறத் தொடங்கியது. துணி ஒரு லேபில் ஃபெயிலானால், வேறு துண்டு வெட்டி வேறு லேபுக்கு அனுப்பிப் பாஸாக்கிவிடும் ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. மனிதர் தம் ரத்தத்தையும் அப்படியே லேப் லேபாகக் கொடுத்து, குறைவாகக் காட்டிய ரிப்போர்ட்டை மட்டும் கோவை டாக்டர் ஆஷாவிடம் நீட்டினார். அதற்குள் இடுப்பெலும்பில் வலி கண்டுவிட்டது.

மனைவி சித்ராதேவி மிச்ச ரிப்போர்ட்டுகளையும் கொண்டுவந்து டாக்டரின் மேஜையில் வைத்தபோது அவரால் தலை நிமிர முடியவில்லை. டாக்டர் ஆஷா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம் என்பார் ஆறுமுகசாமி.

ஹார்மோன் இல்லாமலே வளரப் பழகிய செல்கள், தாமே சில புரதங்களைச் சுரந்து வெளியே விடுகின்றன, அவை அந்தச் செல்களையும் வளர்க்கும், அக்கம்பக்கத்துச் செல்களையும் கிளப்பிவிடும் என்று டாக்டர் விளக்கினார்.

"கரண்ட்ட நிறுத்துனா சொந்தமா ஜெனரேட்டர் ஓட்டிக்கிட்டு, பக்கத்து கம்பெனிக்கும் லைன் குடுக்கறாப்லீங்களா?"

"அதேதாங்க."

இனி வேறு மருந்துதான், முழுக்கக் குணமாகாது, வலி குறையும், காலம் கொஞ்சம் நீளும் என்றும் மறைக்காமல் சொன்னார்.

இப்போது அந்த மருந்து ஏறுகிறது. முடி போயிற்று, வலியும் பெருமளவு போயிற்று. "இவ கொண்டாந்து வெக்காம இருந்திருந்தா நான் இந்நேரம் போட்டோவா தொங்கியிருப்பனுங்க" என்று மனைவியைக் காட்டி பஸ்ஸுக்கே சொல்கிறார். சித்ராதேவி வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

போன வாரம் டாக்டர், அந்தப் புரதங்களை ஆராய்கிறவர்களுக்காக இன்னொரு குழாய் ரத்தம் தருவீர்களா என்று கேட்டார். உங்களுக்கு இதனால் பலன் இருக்காது, பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம், இஷ்டமில்லாவிட்டால் விட்டுவிடலாம் என்றார்.

"எடுத்துக்குங்க. அளவு ஏறியிருந்தாலும் இருந்துட்டுப் போகுதுங்க, உள்ளது உள்ளபடி எழுதட்டும்."

ஊசி ஏறி ஏறித் தடித்த இடது கையில் நர்ஸுக்கு நரம்பு அகப்படவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அவர் ஊசியைக் கீழே வைத்தார். ஆறுமுகசாமி வலது பக்கச் சட்டையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக் கையை நீட்டினார்.