மெத்தனால் படக்கூடாத குழாய்

ஓசூர் சிப்காட்டில், அமினோ அமிலம் தயாரிக்கும் ஆலையின் சோதனைக்கூடத்தில்தான் என் இருபதுகள் கழிந்தன. ஏசி குளிருக்கு ஸ்வெட்டர், பத்து மணி டீ, எந்நேரமும் மெத்தனால் வாடை. அந்த நாட்கள் திரும்ப வராதா என்று இன்றும் ஏங்குகிறேன்.

பக்கத்து மெஷினில் என்னைவிட இரண்டு வயது சின்னவள். வீட்டில் தெலுங்கு, என்னோடு தமிழ், மெஷின் மக்கர் பண்ணினால் கன்னடம். அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் முதல் கை என்னுடையது. இருவருமே ஒப்பந்த ஊழியர்கள். நிரந்தர இடம் ஒன்றுதான் வரப்போகிறது என்று இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ள மாட்டோம்.

அமினோ அமிலத்தில் இடம், வலம் என்று இரண்டு வடிவம் உண்டு, ஒரு ஜோடிச் செருப்பு மாதிரி. எடை ஒன்று, உருகும் சூடு ஒன்று. மருந்துக்கு ஒரு கால் செருப்புதான் வேண்டும். மற்றது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. மாதிரியைக் கரைத்து மெஷினில் மாட்டிய சாதாரணக் குழாய் வழியே விட்டால் இரண்டும் சேர்ந்தே வெளியே வரும். பிரித்துக் காட்டும் குழாய், ஒரு சாண் நீள எஃகுக் குழாய், மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு வந்தது.

மெத்தனால் விட்டுக் கழுவினால் உள்பூச்சு கரைந்துவிடும், தண்ணீர் மட்டும்தான் என்று கூட வந்த தாளில் இருந்தது. படித்துவிட்டு என் டிராயரில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. மறதி என்றால் பாதிப் பொய். இதைத் தெரிந்தவள் நான் ஒருத்தியாக இருக்கட்டுமே என்ற அற்பப் புத்தியும் இருந்தது.

எங்கள் கூடத்தில், கடைசியாகக் கிளம்புகிறவர் எல்லாக் குழாய்களையும் மெத்தனால் விட்டுக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். கழுவாமல் போவது எச்சில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் தூங்குவது போல.

அன்று சாயங்காலம் சானமாவு ரோட்டில் யானை இறங்கிவிட்டதாகச் செய்தி. அதைத் தாண்டித்தான் என் ஊர். பஸ்ஸை சீக்கிரமே எடுத்துவிடுவார்கள்.

“நீங்க கெளம்புங்கக்கா. நான் கழுவி வெச்சிட்டுப் போறேன்” என்றாள்.

புதுக் குழாயின் ஞாபகமே இல்லாமல் ஓடினேன்.

மறுநாள் காலை மெஷின் திரையில், இடத்துக்கு ஒன்று வலத்துக்கு ஒன்று என இரண்டு மேடுகள் வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் வந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தால் முன்னே பின்னே பார்க்க மாட்டேன்.

“எந்த அறிவுகெட்டது இதுல மெத்தனால் விட்டது?”

மேனேஜர் எழுந்து வந்துவிட்டார்.

“நான்தான் சார், எப்பவும் போல கழுவினேன்” என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். “கூடாதுன்னு இவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன் சார்.”

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். “மறந்துட்டேன் போல சார்” என்றாள்.

அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நிரந்தர இடம் எனக்கு வந்தது. எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டாள் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

போன மாதம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் புருஷனோடு நின்றிருந்தாள். எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் வேலையாம். ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த அக்காகிட்டதாங்க வேல கத்துக்கிட்டேன். ஒண்ணு விடாம சொல்லிக் குடுப்பாங்க. எனக்குத்தான் மறதி” என்று அவரிடம் சொன்னாள்.

குத்திக்காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

“இப்பல்லாம் யார் எது சொன்னாலும் எழுதி வெச்சுக்கறேங்க்கா” என்று பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினாள். நான் சொல்லவே இல்லை என்பதை அப்போதும் அவளிடம் சொல்லவில்லை.