பதிலுக்கு ஒருவர் வரும்வரை

தோட்டப் பாடசாலையில் டீச்சர் வேலை மணியடித்துத் தொடங்குவதில்லை. முச்சக்கரவண்டி இனி ஏறாது என்று நிற்கும் இடத்தில் தொடங்குகிறது. மலையேறிக் கற்பிக்கும் தோழிகளே, இது உங்களுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்திலிருந்து கற்பித்தல் பயிற்சிக்காகத் தெரணியகலைக்கு மேலே ஓர் இறப்பர் தோட்டத்துக்குப் போன எனக்குத்தான் தெரியாது.

அட்டையும் சேலையும்

முதலாம் வகுப்பு சாந்தி டீச்சர் வண்டியை விட்டு இறங்கியதும் சேலையைத் தூக்கிச் செருகி, முழங்கால்வரை சவர்க்காரம் தேய்த்தார். இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறாமலிருக்க. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதை நடுவே நின்றுவிட்டேன். "ஆம்பிளை சேர்மாருக்குக் காற்சட்டை, சப்பாத்து. நமக்கு மட்டும் இந்தக் காட்டிலயும் சேலையா? இதுல என்ன வேலைத் திருப்தி, டீச்சர்?"

அவர் சவர்க்காரத்தை என்னிடம் நீட்டினார். "நீங்க சொல்றது நியாயம்தாங்க மிஸ். நடந்துகிட்டே பேசுங்க, நின்னா ஏறிடும்."

பேசாத பாடம்

தகரக் கூரையில் மழை கொட்டினால் நம் குரல் நமக்கே கேட்காது. தொண்டை கிழியக் கத்திப் பார்த்துவிட்டு, அந்தக் கூரையைப் போட்டவர்களைத் திட்டிக்கொண்டு நின்றேன். வகுப்புகளைப் பிரிக்கும் தட்டிக்கு அப்பால் சாந்தி டீச்சர் கடைசிப் பிள்ளையின் முதுகில் விரலால் ஓர் எழுத்து எழுதினார். அந்தப் பிள்ளை அதை முன்னால் இருந்தவளின் முதுகில் எழுதியது. அப்படியே முதுகு முதுகாக எழுத்து நகர்ந்து போக, முன்வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்த சிறுமி எழுந்து கரும்பலகையில் 'ம' போட்டாள். நான் திட்டுவதை மறந்து வாய் பிளந்து நின்றேன்.

மழை ஓய்ந்ததும் அவளேதான் சலித்துக்கொண்டாள்: "ச்சே, மழை விட்டிருச்சு! இனிமே டீச்சர் பேசுவாங்க."

பொறுப்பேற்க வந்தவர்

சாந்தி டீச்சரின் கணவரும் சின்ன மகளும் சொந்த ஊரான கஹவத்தையில். இவர் வாரம் முழுக்க இங்கே வாடகை அறையில். ஊருக்கு இடமாற்றம் கிடைத்தும் போக முடியவில்லை. பதிலுக்கு ஒருவர் வந்து பொறுப்பேற்றால்தான் விடுவிப்பார்களாம். என்ன அநியாயம்!

ஒரு நாள் அந்தப் புதிய டீச்சரும் வந்தார், காலில் இரத்தம் வழிய. "என்னால இங்க முடியாதுங்க" என்று அழுதார். நான் சும்மா இருப்பேனா? கடமை, உரிமை, தோட்டப் பிள்ளைகளின் கல்வி என்று எல்லாவற்றையும் இழுத்து வாதாடினேன். அவர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். வாதத்தில் வென்றது நான்; இருண்டுபோனது சாந்தி டீச்சரின் முகம்.

நல்லவேளை, மழை பிடித்துக்கொண்டது. போக வழியில்லாமல் நின்றவரைச் சாந்தி டீச்சர் கைபிடித்து முன் வாங்கில் உட்கார வைத்தார். பின்னாலிருந்து முதுகில் எழுத்து வந்து சேர்ந்தது. அவர் பலகையில் தப்பாக எழுத, வகுப்பே தலையாட்டிச் சிரித்தது. மறுபடி முதுகில் எழுத்தை வாங்கி, சரியாக எழுதினார். பிள்ளைகள் கைதட்டியது மழையில் கேட்கவில்லை. ஆனால் அவர் பார்த்தார்.

மழை விட்டதும் அவர் கேட்டது இதைத்தான்: "அட்டைக்குச் சவர்க்காரம் இருக்குன்னாங்களே, எங்க?"

அவர் பொறுப்பேற்றதும் அன்றே சாந்தி டீச்சர் மலையிறங்கினார். வண்டியில் ஏறும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனி என் மகளோட இருப்பேன் மிஸ். ஆனா இதுங்க வாசிக்கிறதக் கேக்காமப் போறேனே."

ஆசிரியைகளின் வேலைத் திருப்தி பற்றி என்னிடம் இன்னும் எத்தனையோ வாதங்கள் இருக்கின்றன. நின்று கேட்கத்தான் அட்டை விடுவதில்லை.